மூன்று முறை வெட்டிய வெளிச்சம்

புதுக்கரையூர்
18.11.2024

நிலாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அக்காவுக்குப் போட்டால், "அவ எழுதச் சொல்றா, பேச மாட்டாளாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதற்குப் பிறகு இதுதான்.

வீட்டில் கால் தரிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நேற்று பஸ் ஏறி அதிராம்பட்டினம் போய்விட்டேன். படகுக்காரர்களுக்கு டார்ச் லைட் விற்கிற நம் யூசுப் பாய் கடையில் புதிதாக ஒரு எல்.இ.டி. வந்திருக்கிறது, மஞ்சள் வெளிச்சம். அதை வாங்கி வந்து பழைய அலுமினிய டார்ச்சில் உட்கார வைத்தேன். சால்டர் வைத்துப் பற்றவைக்க உன் கை இல்லையே. நானே வைத்ததில் கட்டைவிரலில் கொப்புளம்.

இருட்டியதும் வரப்பில் நின்று நம் வெள்ளை வெளிச்ச டார்ச்சையும் இந்த மஞ்சளையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை தூரம் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஈரக் காற்றில் பாதி வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. மஞ்சளில் அப்படி இல்லை. வைக்கோல் வைக்கோலாகத் தெரிகிறது, பாம்பு பாம்பாகத் தெரிகிறது. பக்கத்தில் திரும்பி "பாத்தியா?" என்று கேட்டேன். யாரும் இல்லை. பைத்தியக்காரன் மாதிரி நின்றேன்.

மாமா விஷயம். நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? "அசந்திருப்பாருங்க" என்றேன். வயசானவர், பகல் முழுக்க மழையில் நின்றவர். அசந்தால் என்ன பாவமா? அதற்காக அப்பாவும் மகளும் பையைத் தூக்கிக்கொண்டு மயிலாடுதுறைக்குப் போய் அக்கா வீட்டில் உட்கார வேண்டுமா? ஊரில் என்னைப் பார்க்கிறவன் எல்லாம் கேட்கிறான். கோபம் தணிந்ததும் வந்துவிடு. மாமாவையும் அழைத்துக்கொண்டு வா.

தமிழ்மாறன்


மயிலாடுதுறை
23.11.2024

தமிழ்மாறன் அவர்களுக்கு,

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஒற்றை அறை வீடு. நான் உங்களோடு பேசினால் கத்துவேன். கத்தினால் அப்பாவுக்குக் கேட்கும். எழுதினால் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதனால்தான்.

நீங்கள் சொன்னது "அசந்திருப்பாருங்க" இல்லை. "மாமா தூங்கிட்டாருங்க, தூக்கக் கலக்கத்துல எழுந்து தொறந்துட்டாரு." இதுதான் சொன்னது. வாய்க்கால் பாசனச் சங்கக் கூட்டம் நடந்த கொட்டகை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். சோறு கொண்டு வந்திருந்தேன், உங்கள் இரண்டு பேருக்கும்.

உங்களுக்கு எல்லாம் சின்ன விஷயமாகத் தெரிவதால் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். அன்றைக்கு மழை வலுத்ததும் அப்பா மதகை மூடிவிட்டார். நீங்கள் வாய்க்காலின் கீழ்க்கோடியில் உடைப்பை அடைக்கப் போனீர்கள். கீழே நிற்கிற ஆள் மதகுப் பக்கம் டார்ச்சைத் திருப்பி, அணைத்து அணைத்து எரியவிட்டு இரண்டு தடவை வெட்டினால் மூடு, மூன்று தடவை வெட்டினால் திற. நம் வாய்க்காலில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட சைகை. மழையில் போனை வெளியே எடுக்க முடியாது, கூப்பிட்டால் கேட்காது என்பதற்காக வைத்துக்கொண்டது. மூன்று தடவை வெட்டியது என்கிறார் அப்பா. திறந்தார். ஆற்றுத் தண்ணீர் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. சங்கத் தலைவர் தியாகேசனின் நடவோடு சேர்த்துப் பள்ளத்து வயல் அத்தனையும் முழுகி அழுகியது.

தப்பு நடந்தது நிஜம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் அவர்கள் உங்களை வளைத்துக்கொண்டு, "நீதானடா கீழ நின்னே, நீதானடா காட்டுனே" என்று கேட்டதும், நீங்கள் தப்பிக்க அப்பாவைப் பிடித்துக் கொடுத்தீர்கள். அப்பா அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒருத்தராவது அவரைக் கேட்டார்களா? கேட்கத் தேவையில்லையே. சொந்த மருமகனே சொல்லிவிட்டார் என்று அப்போதே மதகுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

நம் தெருவிலிருந்து மதகுச் சாவியைக் கையில் வாங்கிய முதல் ஆள் அப்பா. அது உங்களுக்கும் தெரியும். எப்போது பிடுங்கலாம் என்று காத்திருந்தவர்கள் யார் என்பதும் தெரியும். "அந்தத் தெருவுல குடுத்தா இப்படித்தான்" என்று ஒருத்தர் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா? எனக்கு வாசல் வரைக்கும் கேட்டது.

மஞ்சள் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்! நல்லா வெச்சுப் பாருங்கள்.

தமிழ்நிலா


புதுக்கரையூர்
28.11.2024

நிலா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன்.

நீ வாசலில் நின்றதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. சரி, அது போகட்டும். நானும் நடந்ததையே எழுதுகிறேன், நீயே நியாயம் சொல்.

உடைப்பு இடுப்பளவு தண்ணீரில். சாக்கை மண்ணோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தேன், இரண்டு கையும் சேற்றுக்குள். தலையில் சின்ன லைட். பெரிய டார்ச்சை எல்லைக் கல் மேல் மதகைப் பார்த்த மாதிரி ஏற்றிவைத்திருந்தேன். நான் இங்கேதான் நிற்கிறேன் என்று மாமாவுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. அந்தத் தூரத்துக்கு வெளிச்சம் எறிகிற டார்ச் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் என்று உனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதானே, மாமாவுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று. பல்புக்குக் கரண்டை அளந்து விடுகிற புது டிரைவர் தகடு, செப்புத் தட்டு எல்லாம் போட்டு.

உடைப்பை அடைத்து முடிக்கிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டார்ச்சைத் தொடவும் இல்லை. மேலே ஏறி வந்து பார்த்தபோது அது மங்கிப் போயிருந்தது, சார்ஜ் இறங்கிவிட்டது. அதை எடுத்து அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சத்தியமாக நான் வெட்டவில்லை, நிலா. உன் தலையில் அடித்துச் சொல்கிறேன்.

அந்த மழையில், இருட்டுகிற நேரத்தில், நம் வரப்பில் வேறு ஆள் யாரும் கிடையாது. நான் வெட்டவில்லை. அப்படியென்றால் மாமா எதைப் பார்த்தார்? அவர் பொய் சொல்கிற மனுஷர் இல்லை. அதனால்தான் தூக்கக் கலக்கம் என்றேன். பொய் என்று சொல்வதைவிட அது மேல் இல்லையா? நீயே சொல். பேயா வந்து சைகை காட்டியது?

ராத்திரியில் டார்ச்சைக் கழற்றிப் பூட்டுகிறேன், மறுபடி கழற்றுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. உரம் தெளிக்க ஆள் தேட வேண்டும், அதுகூட ஓடவில்லை.

மாறன்


மயிலாடுதுறை
6.12.2024

மாறனுக்கு,

இதை நிதானமாகப் படியுங்கள்.

அப்பாவிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். "ஏம்ப்பா, அந்த மழையில தொறக்கச் சொல்றாங்களேன்னு உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?" என்றேன். "திக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா மாப்பிள்ளை வயலைக் கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டுச் சொல்றாரு. நான் தூரத்துல நின்னுக்கிட்டு என்னத்தைக் கண்டேன்? அவரு காரணம் இல்லாம சொல்ல மாட்டாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் இங்கே கரண்ட் போய்விட்டது. மழைக்காலத்தில் போனால் எப்போது வருமென்று சொல்ல முடியாது. அப்பாவுடைய டார்ச்சைப் பையிலிருந்து எடுத்து, தரையில் நிற்க வைத்து, கூரையைப் பார்த்து எரியவிட்டேன். அறை முழுக்க வெளிச்சம். அக்கா உலை வைத்தாள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அப்பா சுவரோரம் படுத்திருந்தார். ரொம்ப நேரம் எரிந்தது. கடைசியாகச் சார்ஜ் போட்டது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை.

திடீரென்று வெளிச்சம் போய் வந்தது. மறுபடி போய் வந்தது. மறுபடியும். மூன்று தடவை, நிறுத்தி நிறுத்தி, கையால் வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே. அதன்பிறகு மங்கலாக எரிய ஆரம்பித்தது.

நான் டார்ச்சைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மதகுச் சக்கரத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து, "இதுதாம்மா. இதேதான்" என்றார்.

அக்கா அழுதுவிட்டாள். நான் அழவில்லை. டார்ச்சில் இருந்த அதே பேட்டரி செல்லைக் கொஞ்சமே சார்ஜ் போட்டு இன்று பகலில் மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் மூன்று தடவை. அந்த டிரைவர் தகட்டை என் கையால்தான் பற்றவைத்தேன். நீங்கள் வாங்கி வந்தீர்கள், நான் பற்றவைத்தேன். அதன் கூட வந்த தாள் சீன மொழியில் இருந்தது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே குப்பையில் போட்டோம்.

உங்கள் டார்ச்சை ஓடவிட்டுப் பார்த்து எழுதுங்கள்.

நிலா


புதுக்கரையூர்
10.12.2024

நிலா! நிலா!

கடிதம் மத்தியானம் வந்தது. சாப்பிடக்கூட இல்லை. அன்றைக்குப் போட்டிருந்த அதே பழைய செல், லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்தோமே, அதையே போட்டு ஓடவிட்டேன். முன்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தேன். வெட்டியது. மூன்று தடவை. ஐயோ, என்ன சொல்வேன், எழுந்து கத்திவிட்டேன், பக்கத்து வீட்டில் என்ன என்னவென்று ஓடிவந்தார்கள்.

யூசுப் பாயிடம் போனில் கேட்டேன். "ஆமா தம்பி, இந்த ரக டிரைவர் எல்லாம் அப்படித்தான். சார்ஜ் தீரப்போகுதுன்னு மூணு தடவை சிமிட்டிக் காட்டிட்டு, லைட்டைத் தானே குறைச்சுக்கும். செல்லு கெட்டுப்போகாம இருக்க. கடல்ல போறவங்க கேட்டு வாங்குவாங்க" என்கிறார். கடலில் அது எச்சரிக்கை. நம் வாய்க்காலில் அது மதகைத் திற! இப்படி ஒரு கூத்து எங்காவது நடக்குமா?

அதனால்தான் நான் வந்து பார்க்கும்போது மங்கிப் போயிருந்தது. இப்போது எல்லாம் பொருந்துகிறது. மாமாவும் தப்பு செய்யவில்லை, நானும் தப்பு செய்யவில்லை. தப்பு டார்ச் மேல்! எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது.

வருஷம் பிறந்ததும் சங்கக் கூட்டம் இருக்கிறது. டார்ச்சை நடுவில் வைத்து எல்லார் முன்னாலும் ஓடவிடப்போகிறேன். வெட்டியதும் அவர்களே வாயை மூடிக்கொள்வார்கள். மாமாவிடம் இப்போதே சொல்லிவிடு. நீங்கள் கிளம்பி வரவேண்டியதுதான் பாக்கி.

உன் மாறன்


மயிலாடுதுறை
15.12.2024

என்னங்க,

கோபத்திலேயே எழுதினால் "அவர்களுக்கு" என்றுதான் போட வேண்டும். பாதிக் கோபம்தான் இருக்கிறது, அதனால் இப்படிக் கூப்பிடுகிறேன்.

"தப்பு டார்ச் மேல்" என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்! டார்ச் மூன்று தடவை வெட்டியது, சரி. "மாமா தூங்கிட்டாரு" என்று டார்ச்சா சொன்னது? அதற்கு வாய் இருக்கிறதா?

உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. அப்பா உங்கள் வெளிச்சத்தை நம்பினார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் சக்கரத்தைச் சுற்றினார். நீங்கள் அவர் பேச்சை நம்ப ஒரு மாசமும் ஒரு டார்ச்சும் தேவைப்பட்டது. நான் அன்றைக்குக் கீரை ஆய்கிறபோது கரண்ட் போகாமல் இருந்திருந்தால்? அப்பா ஆயுசு முழுக்கத் தூங்கினவர்தான், இல்லையா?

கூட்டத்தில் ஓடவிடுகிறேன் என்கிறீர்கள். ஓடவிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அது வெட்டாமல் போனால் என்ன செய்வீர்கள்? இதை மட்டும் யோசித்து வையுங்கள். இயந்திரம்தானே, அதற்கு நம் மானம் மரியாதை எல்லாம் தெரியாது. அது வெட்டினால்தான் அப்பா யோக்கியர் என்றால், எனக்கு அந்த யோக்கியம் வேண்டாம். நாங்கள் இங்கேயே இருந்துவிடுகிறோம். அக்கா ஒன்றும் விரட்டவில்லை.

இன்னொன்று. அந்தப் பழைய லேப்டாப் செல்லை ஜனங்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அதன் உறை கிழிந்து துருப்பிடித்திருக்கிறது, நான் அங்கே இருந்தபோதே பார்த்தேன். யார் முகத்திலாவது வெடித்தால் அதற்கும் நம் தெருவைத்தான் சொல்வார்கள். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் நான் இன்னும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நடந்த பிறகு எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ.

நிலா


புதுக்கரையூர்
2.1.2025

நிலா,

கூட்டம் இன்று காலையில் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆறப்போட்டால் என்னை நல்லவனாகக் காட்டி எழுதிவிடுவேன்.

கொட்டகைக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தச் சொன்னேன். டார்ச்சை நடுவில் ஒரு நாற்காலியில் படுக்க வைத்து சுவரைப் பார்த்துத் திருப்பினேன். நீ சொன்னபடி புது செல், யூசுப் பாய் கடையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கியது. விஷயத்தை விளக்கிச் சொன்னேன். "சார்ஜ் எறங்குனா மூணு தடவை தானா சிமிட்டுங்க. அன்னிக்கு மாமா பாத்தது அதைத்தான்" என்றேன். தியாகேசன், "சரிப்பா, ஓடட்டும் பாப்போம்" என்றார்.

சீக்கிரம் முடியட்டும் என்று வீட்டிலேயே பாதிக்கு மேல் ஓடவிட்டுத்தான் எடுத்துப் போனேன். அப்படியும் முடிந்தபாடில்லை. முதலில் எல்லாரும் சுவரையே பார்த்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். உர விலை, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற லட்சணம், யார் வீட்டுக் கல்யாணம். டீ வந்தது. ஒருத்தர், "என்னய்யா மாறா, செங்கல் காளவாய் வேகுற வரைக்கும் காத்திருக்கிறாப்ல உக்கார வெச்சிட்டே" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து போய் டார்ச்சைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். "ஒக்காருடா, மறைக்குது" என்றார்கள்.

பிறகு அது அணைந்தது. சிமிட்டவில்லை, நிலா. ஒரு தடவைகூட இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, அப்படியே செத்துப்போனது.

கொட்டகை கும்மிருட்டு. இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் மொத்தமாகச் சிரித்தார்கள். கதவைத் திறந்தார்கள். ஒருத்தர், "டார்ச்சும் தூங்கிருச்சு போல" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

தியாகேசன் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்ல சிமிட்டுச்சுங்கிறே, இங்க சிமிட்டலியே. நாங்க எதைப்பா நம்புறது?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் தப்பு இல்லை. நடவு போனவர் அவர்.

வாயைத் திறந்து, "செல்லு புதுசுங்க, அதனால..." என்று ஆரம்பித்தேன். ஏன் வெட்டவில்லை என்று எனக்கே தெரியவில்லை. நீ கேட்டிருந்தாயே, வெட்டாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று. அதற்கு நான் யோசித்தே வைக்கவில்லை. கட்டாயம் வெட்டும் என்றே நினைத்திருந்தேன்.

அதன்பிறகு நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "இது சிமிட்டலைன்னா போகட்டுங்க. மூணு தடவை வெட்டுச்சுன்னு மாமா சொல்றாரு. அவரு பாத்தாரு. நான் பாக்கலை. நான் குனிஞ்சு சேத்துல நின்னேன், மதகுப் பக்கம் திரும்பவே இல்லை. பாக்காத நான் அன்னிக்கு அவரு தூங்கினாருன்னு இதே இடத்துல சொன்னேன். நீங்க எல்லாரும் சுத்தி நின்னு கேட்டப்போ பயந்துபோய்ச் சொன்னேன். அது பொய்யிங்க. என் மாமனாரு தூங்கலை" என்றேன்.

யாரோ, "அதுக்கு என்னப்பா ஆதாரம்?" என்றார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அன்னிக்கு அவரு தூங்கிட்டாருன்னு நான் சொன்னப்போ ஒருத்தரும் ஆதாரம் கேக்கலியே. டார்ச் கொண்டாந்து வைன்னு சொல்லலியே. ஒடனே சாவியை வாங்கிட்டீங்க. இன்னிக்கு மட்டும் எதுக்குங்க ஆதாரம்?" என்று கேட்டுவிட்டேன். குரல் உடைந்துவிட்டது. அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். இருக்கட்டும்.

சிரிப்பு நின்றது. தியாகேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சாவியைப் பத்தி அடுத்த கூட்டத்துல பேசுவோம். உன் மாமனாரு ரெத்தினத்தை வரச் சொல்லு, அவரு வாயால கேக்கணும்" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. சாவி கிடைக்கவில்லை.

நாற்காலியிலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது பக்கத்தில்தான் கிடக்கிறது, கழற்றிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மாமாவிடம் இதையெல்லாம் சொல்வாயோ மாட்டாயோ, உன் இஷ்டம். வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை.

மாறன்


மயிலாடுதுறை
7.1.2025

என்னங்க,

கடிதம் நேற்று வந்தது. நான் படித்து முடித்துவிட்டு, அப்பாவிடம் படிக்கட்டுமா என்று கேட்டேன். இத்தனை நாள் உங்கள் கடிதம் எதையும் அவருக்குக் காட்டியதில்லை. "படி" என்றார்.

படித்தேன். டார்ச் அணைந்த இடத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பாக்காத நான்" என்று நீங்கள் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். மறுபடி அதை மட்டும் படிக்கச் சொன்னார். இன்னொரு தடவையும். அப்புறம், "அவ்வளவு பேரு முன்னாடியா சொன்னாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தியாகேசன் இருந்தாரா?" இருந்தார் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. சாவியைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

டார்ச் ஏன் வெட்டவில்லை என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாங்கியது பாதுகாப்புத் தகடு வைத்த செல்லாக இருக்கும். சார்ஜ் தீருகிறபோது டிரைவர் சிமிட்டுவதற்கு முன்னாலேயே செல் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். புது செல் வாங்கச் சொன்னது நான்தான். கடிதம் படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய செல்லோடு மறுபடி கூட்டம் போட்டுக் காட்டலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வேண்டாம்மா. மாப்பிள்ளை அது சிமிட்டாமலே சொல்லிட்டாரு. இனிமே அது சிமிட்டி என்ன ஆகப்போவுது?" என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவரே வந்து அவர் வாயால் சொல்வாராம்.

உங்களுக்கு ஒன்று எழுதாமல் வைத்திருந்தேன். எழுதினால் இரக்கப்பட்டு எதையாவது சொல்வீர்கள், அது எனக்கு வேண்டாம் என்றுதான் எழுதவில்லை. அவர் தூங்கிவிட்டார் என்று நீங்கள் கொட்டகையில் சொன்ன நாளிலிருந்து அப்பா தூங்கவில்லை. படுப்பார், கண்ணை மூட மாட்டார். பகலில் தலை சாய்ந்தால் உடனே உதறிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார், யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்ப்பார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், வாயில் போட்டுக்கொண்டு வாசலில் துப்பிவிட்டு வந்ததை அக்கா பார்த்தாள். தூங்குவதற்கே அவருக்குப் பயம் வந்துவிட்டது.

நேற்று நான் படித்து முடித்ததும் கைலியை உதறிக் கட்டிக்கொண்டு படுத்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். இப்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, வெயில் கால்மாட்டுக்கு வந்துவிட்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை. குறட்டை தெருவுக்குக் கேட்கிறது. அக்கா காப்பியை எடுத்துக்கொண்டு எழுப்பப் போனாள், நான் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

தானாக எழுந்திருக்கட்டும். எழுந்து சாப்பிட்டதும் இரண்டு பேரும் பஸ் ஏறுகிறோம். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் நாங்கள் வந்துவிடுவோம் என்று தெரியும். இருந்தாலும் தபாலில் போடுகிறேன்.

நிலா